புகைக்கூடத்துப் பாலம்

ஓவியர், எழுத்தாளர், பாட்டுக்காரர் என்று யாராக இருந்தாலும், அவர் வேலை செய்யும் மேசையைப் பார்த்தால் ஆள் எப்படிப்பட்டவர் என்று சொல்லிவிடலாமாம். வாரப் பத்திரிகை ஒன்றில் ஒருவர் எழுதியிருந்தார். பக்கத்தில் படமும் போட்டிருந்தார்கள்: பூச்சாடி, மூக்குக்கண்ணாடி, பாதி குடித்த கோப்பி. படித்ததும் முதலில் சிரிப்பு வந்தது, பிறகு எரிச்சல் வந்தது. எங்கள் வீட்டுக்காரர் வேலை செய்த இடத்தைப் பார்த்தும் ஒரு கூட்டம் அவர் எப்படிப்பட்ட ஆள் என்று சொன்னது. சொல்லி முடிப்பதற்குள் அவருடைய வலது கையில் மூன்று விரல்கள் நொறுங்கியிருந்தன.

நாங்கள் இருந்தது சப்ரகமுவப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். சாயம் வாங்கக் குருவிட்டைக்கு ஒரு பஸ், சாமான் வாங்க டவுனுக்கு இன்னொரு பஸ். சுற்றி நாலு பக்கமும் சிங்களக் கிராமம், நடுவில் எங்கள் லயங்கள், வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒற்றை அறை வீடுகள். நுவரெலியாப் பக்கத்துச் சொந்தக்காரர்கள் வந்தால், நாங்கள் பேசும் தமிழில் பாதி சிங்களம் என்று கேலி செய்வார்கள். நான் பால் வெட்டுகிறவள். விடியற்காலையில் மரத்துக்கு மரம் ஓடிப் பட்டையைச் சீவிவிட்டு, வெயில் ஏறுமுன் சிரட்டைகளில் வடிந்த பாலை வாளியில் சேர்த்துக்கொண்டு போய் நிறுத்துக் கொடுக்கவேண்டும்.

வீட்டுக்காரருக்கும் தோட்டத்துக் கூலிப் பதிவில் பெயர் இருந்தது. புல் வெட்டப் போவார், போகாமலும் இருப்பார். அவருடைய உண்மையான வேலை படம் கீறுவது. கோயில் சுவர், கடைப் போர்டு, லொறியின் பின்பக்கத்து மயில் எல்லாம் செய்வார். அவருக்குப் பிடித்தது ஸ்டூடியோச் சீன். அந்தக் காலத்தில் போட்டோ எடுக்கப் போகிறவர்களுக்குப் பின்னால் ஒரு பெரிய துணி தொங்கும். அதில் அரண்மனைப் படிக்கட்டோ, அன்னம் நீந்தும் குளமோ இருக்கும். லயத்துக் காம்பராவில் குடும்பம் நடத்துகிறவர்கள்கூட அந்தப் படிக்கட்டுக்கு முன்னால் நின்றால் ராஜா ராணி மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார்கள். அந்தத் துணியைக் கீறுகிற ஆள் இவர். கலவானையிலிருந்தும் எம்பிலிப்பிட்டியவிலிருந்தும் ஆட்கள் தேடி வருவார்கள்.

பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறத்தான் வேண்டும். லயத்துக் கூரை அந்தத் துணிக்குப் பத்தாது என்பதற்காக, தோட்டத்தில் சும்மா கிடந்த புகைக்கூடத்தைத் தோட்டத்து மெனேஜர் துரையிடம் கேட்டு வாங்கினார். ரப்பர் ஷீட்டைப் புகை போட்டுக் காயவைத்த கட்டடம் அது. ஷீட் அடிப்பதை நிறுத்திப் பாலை அப்படியே லொறியில் அனுப்பத் தொடங்கியதிலிருந்து வௌவால்தான் குடியிருந்தது. உயரமான சுவர். சுவரெல்லாம் கருப்பு. ஜன்னல் என்று ஒன்றுமில்லை. ஒரே ஒரு இரும்புக் கதவு. உள்ளே போனால் எத்தனை வருஷத்துப் புகையோ மூக்கில் ஏறும். நான் கொஞ்ச நேரம் நின்றாலே தலை வலிக்கும். அவர் கோயிலுக்குள் போகிறவர் மாதிரி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போவார்.

வீட்டில் அவருடைய சாரத்தைக்கூட நான்தான் தேடிக் கொடுக்கவேண்டும். சாப்பிட்ட தட்டு சாப்பிட்ட இடத்திலேயே கிடக்கும். புகைக்கூடத்தில் பார்த்தால் இந்த மனிதனா அந்த மனிதன் என்று இருக்கும். தூரிகைகள் ஒரு கம்பியில் பெரிதிலிருந்து சின்னது வரைக்கும் தொங்கும். டின்பால் டின்களில் சாயம், ஒவ்வொன்றுக்கும் தனிக் குச்சி. பழைய ஷீட் தட்டுகளைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் பலகை வைத்ததுதான் மேசை. கரண்ட் கிடையாது. அதனால் ஒரு பழைய கார் பேட்டரி வாங்கி, வயர் இழுத்து, பல்ப் மாட்டியிருந்தார். டேர்ப்பன்டைன் போத்தல்கள், மண்ணெண்ணெய்ப் போத்தல்கள் ஒரு மூலையில். நேர்கோடு போட நீலத்தூள் தடவிய நூல் ஒரு கட்டையில் சுற்றியிருக்கும். கதவுக்கு எதிரே ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. ஆள் அழகு பார்க்க அல்ல. கீறிய படத்துக்கு முதுகைக் காட்டி நின்று கண்ணாடியில் பார்த்தால் படம் இடம் வலம் மாறித் தெரியும், எங்கே கோணல் என்று உடனே கண்ணில் குத்தும் என்பார்.

இன்னொரு பழக்கமும் இருந்தது. எதைக் கீறினாலும் முதலில் அதன் போட்டோவைப் பார்த்து ஒரு காகிதத்தில் பென்சிலால் கீறி, அந்தக் காகிதத்தின்மேல் குறுக்கும் நெடுக்கும் கோடு போட்டுக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் நம்பர் போடுவார். அதே கட்டங்களை நம்பரோடு துணியின் முன்னும் பின்னும் பெரிதாகப் போட்டு, முன்பக்கத்தில் ஒவ்வொன்றாக நிரப்புவார். சாயம் கோட்டை மூடினாலும் பின்னால் கணக்கு இருக்கட்டும் என்பார். வேலை முடிந்தாலும் காகிதத்தை எறியமாட்டார். சுவரில் ஒன்றன்மேல் ஒன்றாக ஆணி அடித்து வைப்பார். அரண்மனை, அன்னக்குளம், சிவனொளிபாத மலை எல்லாம் அந்தச் சுவரில் நம்பரோடு இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலே கடைசியாகக் கீறிய டவுன் பாலம் இருந்தது. களு கங்கைக்கு மேலே நிற்கும் பாலம். டவுன் ஸ்டூடியோக்காரர் அதைத்தான் சீனாகக் கேட்டிருந்தார். ஊர்ச் சனம் தங்கள் ஊர்ப் பாலத்துக்கு முன்னாலேயே நின்று படம் எடுக்கட்டும் என்பது அவருடைய யோசனை. துணி போய்ச் சேர்ந்து, தொங்கி, அதற்கு முன்னால் எத்தனையோ கல்யாணச் சோடிகள் நின்று படம் எடுத்தும் ஆகிவிட்டது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. வடக்கே சண்டை. கொழும்பில் எங்கேயாவது குண்டு வெடித்தால் இங்கே நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு டவுனுக்குப் போவோம். பக்கத்துக் கிராமத்துக்கு ஒரு ராணுவப் பையனின் பெட்டி வந்தது. திறக்கக் கூடாது என்று சொல்லிக் கொடுத்த பெட்டி. அவனுடைய தாயின் அழுகை எங்கள் லயம்வரைக்கும் கேட்டது. எனக்கும் அந்தத் தாயை நினைத்துப் பாவமாக இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் சவம் எடுத்த மறுநாள் காலையில் பொலிஸ் ஜீப் தோட்டத்துக்குள் வந்தபோது, அதன் பின்னால் அந்தக் கிராமத்து ஆட்கள் பொல்லும் கத்தியுமாக வந்தார்கள். லயம் லயமாக ஏறி, பானை சட்டியைக் கவிழ்த்து, சாமிப் படத்துக்குப் பின்னால் கை விட்டு, புலிக்காரன் ஒளித்த குண்டு இருக்கிறதா என்று தேடினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. ஒன்றும் கிடைக்காததுதான் அவர்களுடைய ஆத்திரத்தைக் கூட்டியது. அப்படியே புகைக்கூடத்துக்குப் போயிருக்கிறார்கள்.

நான் பால் வாளியோடு மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தேன். எதிரே எங்கள் லயத்துப் பெண் ஒருத்தி தலைவிரி கோலமாக ஓடி வந்தாள்.

"அக்கா, ஓடுங்க! ஒங்க வீட்டுக்காரர போட்டு அடிக்கிறாங்க!"

ஓடினேன். வாளியைக் கீழே வைக்கத் தோன்றவில்லை. பால் வெட்டுகிறவளுக்கு நிறுக்காத பாலைக் கீழே வைக்க வராது, உயிர் போனாலும் வராது.

நான் போய்ச் சேர்ந்தபோது அவர் கதவுக்கு வெளியே முழங்காலில் இருந்தார். வாய் நிறைய ரத்தம். இரண்டு பொலிஸ்காரர்கள் நின்றார்கள். உள்ளேயிருந்து ஒவ்வொன்றாக வெளியே வந்துகொண்டிருந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு அர்த்தம் சொன்னார்கள். பேட்டரியும் வயரும் குண்டுக்கு. போத்தல்கள் தீ வைக்க. நூல் திரிக்கு. கதவைப் பார்த்து மாட்டிய கண்ணாடி, ஆள் வருகிறதா என்று பார்க்க. சிவப்புச் சாய டின்னைக் கண்டதும் ஒருவன் காலால் உதைத்தான். அது அவருடைய மடியில் கொட்டியது. எது சாயம், எது ரத்தம் என்று எனக்குத் தெரியவில்லை. அப்போது ஒரு பொலிஸ்காரன் அந்தப் பாலப் படத்தைச் சுவரிலிருந்து கிழித்துக்கொண்டு வந்தான். அரண்மனையும் அன்னமும் அதே சுவரில்தான் இருந்தன, அதே மாதிரி நம்பரோடு. அவை அவன் கண்ணில் படவில்லை.

"பாலத்தை எந்த இடத்தில் உடைக்கப் போகிறாய்? இந்த நம்பர் என்ன? இந்தக் கட்டம் என்ன?" என்று சிங்களத்தில் கேட்டான்.

எங்கள் வீட்டுக்காரர் சிங்களம் பேசினால் சிங்களவனே திரும்பிப் பார்ப்பான், அவ்வளவு நன்றாகப் பேசுவார். அன்றைக்கு அடி விழுந்ததும் அத்தனை சிங்களமும் மறந்துவிட்டது. தமிழிலேயே திரும்பத் திரும்ப, "அது சீனுங்க, சீனுக்கு கீறுனதுங்க" என்றார். அவர் தமிழில் பேசப் பேச அடி கூடியது. நான் சிங்களத்தில் கத்தினேன். என் சத்தத்தை யார் கேட்டார்கள்?

"எந்தக் கையால் கீறினாய்?" என்று பொலிஸ்காரன் கேட்டான்.

இந்த மனிதன் வலது கையைத் தூக்கிக் காட்டினார். மடையன் மாதிரி, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி, உண்மையைச் சொன்னார். இடது கையைக் காட்டியிருக்கக் கூடாதா? இப்போது நினைத்தாலும் எனக்கு அவர்மேல்தான் கோபம் வருகிறது. அந்தக் கையைப் பிடித்து இரும்புக் கதவின் இடுக்கில் வைத்தார்கள். கிராமத்து ஆள் ஒருவன் கதவைத் தோளால் இடித்துச் சாத்தினான். அந்தச் சத்தத்தை நான் எழுதப்போவதில்லை.

கதவைச் சாத்தியவனை எனக்குத் தெரியும். சந்தியில் கடை வைத்திருந்தவன். அவனுடைய கடைப் போர்டை எழுதிக் கொடுத்ததும் இவர்தான். தேங்காய்க்குலை ஒன்றும் சேர்த்துக் கீறித் தா என்று நச்சரித்து வாங்கியவன். வாளியிலிருந்த பால் முழுவதையும் அவன் தலையில் ஊற்றினேன். ரப்பர் பால் தலைமயிரில் காய்ந்தால் மொட்டை அடிக்காமல் போகாது. கண்ணில் போனால் எரிச்சலில் ஆள் துடித்துப்போவான். அவன் துடித்தான். எனக்கு அடிவயிற்றில் ஒரு உதை விழுந்தது. விழுந்து கிடந்தபடியே அவன் அலறுவதைக் கேட்டேன். நல்லா அலறு என்றுதான் நினைத்தேன்.

ஜீப்பில் அவரை ஏற்றினார்கள். பாலப் படத்தையும் எடுத்துக்கொண்டார்கள்.

நான் முகத்தைக் கழுவிக்கொண்டு துரை பங்களாவுக்குப் போனேன். துரை வெளியே வரவில்லை. பொலிஸ் விஷயத்தில் தோட்டம் தலையிடாது என்று பங்களா வேலைக்கார அப்பு வந்து சொன்னான். தொழிற்சங்கத் தலைவரிடம் போனேன். பெரிய இடத்துக்குச் சொல்லி அனுப்புகிறேன் என்றார். சொல்லி அனுப்பினாரோ, சோறு தின்னப் போனாரோ தெரியாது. பின்னேரம் பொலிஸ் ஸ்டேஷன் வாசலில் போய் நின்றேன். மறுநாள் காலையில்தான் உள்ளே விட்டார்கள்.

சார்ஜன்ட் ஒருவர் மேசையில் இருந்தார். மேசை சுத்தமாக இருந்தது. ஒரு அடிமட்டம், ஒரு கட்டுக் காகிதம், ஒரு கிளாஸ் தண்ணீர். மூலையில் மடித்து வைத்த ஈரத் துண்டு ஒன்றும் இருந்தது. அந்தத் துண்டு எதற்கு என்று யோசிக்காமல் இருக்கப் பாடுபட்டேன். உள்ளேயிருந்து யாரோ முனகும் சத்தம் வந்தது. அது இவருடைய குரலா என்றும் என்னால் சொல்ல முடியவில்லை.

"மாத்தயா, அவரு ஸ்டூடியோவுக்குப் படம் கீறுறவரு. டவுன் ஸ்டூடியோ முதலாளிதான் அந்தப் பாலத்தக் கீறச் சொன்னது" என்று சிங்களத்தில் சொன்னேன்.

சார்ஜன்ட் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அப்படியென்றால் அந்த மனிதரைக் கூட்டிக்கொண்டு வா. அவர் வந்து சொல்லட்டும். இன்றைக்குள் வரவேண்டும். நாளைக் காலையில் ஆளைக் கொழும்புக்கு அனுப்புகிறோம்."

கொழும்புக்கு அனுப்புவது என்றால் என்னவென்று எங்களுக்குத் தெரியும். எங்கள் தோட்டத்து மேல் டிவிஷனிலிருந்து ஒருவனை அப்படி அனுப்பினார்கள். அவன் எந்த ஜெயிலில் இருக்கிறான் என்றுகூட அவன் பெண்சாதிக்குத் தெரியாது. அவள் பொட்டு வைப்பதா, அழிப்பதா என்று தெரியாமல் நடமாடிக்கொண்டிருந்தாள். எனக்கு அந்த ஒரு பகல்தான் இருந்தது. ஓட்டமும் நடையுமாக ஸ்டூடியோவுக்குப் போனேன்.

ஸ்டூடியோ முதலாளி கெட்டவர் என்று அதுவரைக்கும் நான் நினைத்ததில்லை. இவரை "ஆர்ட்டிஸ்ட்" என்றுதான் கூப்பிடுவார். துணி கொண்டுபோன நாளில் எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்துத் தேத்தண்ணீர் கொடுத்தவர். நல்ல படம் பிடிப்பவர். கன்னத்தில் வெளிச்சம் எங்கே விழவேண்டும் என்று தெரிந்தவர். அவருடைய மேசையை அன்றைக்குத்தான் ஒழுங்காகப் பார்த்தேன். மேலே கண்ணாடி போட்ட மேசை. கண்ணாடிக்குக் கீழே போட்டோக்கள். விகாரைப் பிக்கு பெரிய ஹாமுதுருவின் படம், மந்திரியின் படம், பொலிஸ் பெரியவரின் படம், பேங்க் மெனேஜரின் படம். நடுவில் இருந்த மந்திரி புது மந்திரி. அதற்கு முன்னால் வந்தபோது அந்த இடத்தில் பழையவர் இருந்தார், இப்போது பழையவர் ஓரத்தில் பாதி மறைந்து கிடந்தார். ஆளுக்கேற்றபடி இடம் மாற்றி வைத்திருந்தார். அதைப் பார்த்தபோதே நான் திரும்பியிருக்க வேண்டும்.

உள்ளே ஒரு கல்யாணச் சோடி நின்றது. பெண் கண்டிச் சேலையில், தலையில் நகையோடு. அவர்களுக்குப் பின்னால் எங்கள் வீட்டுக்காரரின் பாலம். வாசலில் அவர்களுடைய சொந்தக்காரர்கள்.

நான் சொல்லவந்ததைச் சொன்னேன். காலைப் பிடிக்கவும் குனிந்தேன். "மாத்தயா, நீங்க ஒரு வார்த்த சொன்னா போதும். நாளைக்கு கொழும்புக்கு அனுப்பிருவாங்க. நீங்கதான கீறச் சொன்னீங்க?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. மேசைக் கண்ணாடியைப் பார்த்தார். பிறகு வாசலில் நின்ற சனத்தைப் பார்த்தார். பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி உரக்க, "யாரு உன் புருஷன்? எனக்குத் தெரியாது. இந்தச் சீன் கொழும்பிலிருந்து எடுப்பித்தது. போ, போ" என்றார்.

தெரியாது என்று மட்டும் சொல்லியிருந்தால் நான் அழுதுகொண்டு போயிருப்பேனோ என்னவோ. பயந்தாங்கொள்ளி என்று விட்டிருப்பேன். கொழும்பிலிருந்து எடுப்பித்தது என்று சொன்னாரே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அந்தக் கை கதவிடுக்கில் நசுங்கிப் போனது இந்தப் படத்துக்காக. இந்தப் படமும் அவருடையது இல்லை என்றால், பிறகு எதற்கு அந்தக் கை?

பால் வெட்டும் கத்தி என் இடுப்புப் பையில் இருந்தது. முந்தின நாள் மலையிலிருந்து ஓடி வந்தவள் அதை வெளியே எடுக்கவேயில்லை, ஸ்டேஷனிலும் யாரும் பையைப் பார்க்கவில்லை. நுனி வளைந்த கத்தி. பட்டையை அரிசித் தடிப்புக்குச் சீவுவதற்காக நாள்தோறும் தீட்டுகிற கத்தி. சோடியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். பெண் வீலென்று கத்தினாள். துணியின் மேல் ஓரத்துக்கு எட்டவில்லை. நாற்காலிமேல் ஏறி, கத்தியைக் கொழுவி, என் முழுப் பாரத்தோடும் கீழே இழுத்தேன். பாலம் இரண்டாகப் பிளந்தது. திரும்ப இழுத்தேன். திரும்ப, திரும்ப. துணி கிழியும் சத்தம் எனக்கு நன்றாக இருந்தது. யாராவது பக்கத்தில் வந்திருந்தால் அவர்களையும் கிழித்திருப்பேன்.

முதலாளி என் தலைமயிரைப் பிடித்து நாற்காலியிலிருந்து இழுத்தார். விழுந்தேன். கத்தி எங்கோ போனது. மிதித்தார். வெளியே நின்றவர்களும் வந்து மிதித்தார்கள். "கொட்டியா, கொட்டியா" என்று யாரோ கத்தினான். புலி என்று சொன்னால் மிதிக்கக் காரணம் கேட்கத் தேவையில்லை. என் கடைவாய்ப் பல் ஒன்று அங்கேயே விழுந்தது. கையில் அகப்பட்டது முதலாளியின் மணிக்கட்டு. அதைக் கடித்தேன். ரத்தம் உப்புக் கரித்தது, அவருடையதா என்னுடையதா தெரியவில்லை.

அவருக்கு வந்த ஆத்திரம் சாதாரண ஆத்திரம் இல்லை. கல்யாணச் சீசன். அந்தச் சீனுக்காகத்தான் சனம் வந்தது. என்னை டவுன் தெருவழியே அவரே இழுத்துக்கொண்டு போனார். பின்னால் ஸ்டூடியோ ஆள் ஒருவன் கிழிந்த துணியைச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு வந்தான். நஷ்டத்தைப் பொலிசுக்குக் காட்டவேண்டுமாம்.

அதே சார்ஜன்ட், அதே மேசை. துணியை ஸ்டேஷன் தரையில் விரித்தார்கள். முதலாளி மூச்சு வாங்க வாங்க என்ட்ரி எழுதச் சொல்லி முறைப்பாடு சொன்னார். இந்தப் பைத்தியக்காரி வந்தாள், கத்தியால் கிழித்தாள், என் பிழைப்பே போய்விட்டது.

"இன்னொன்று வாங்க முடியாதா?" என்று சார்ஜன்ட் கேட்டார்.

"எங்கே வாங்குவது? இது கடையில் விற்கிற சாமானா? இந்த மாவட்டத்திலேயே இப்படிக் கீற ஒரே ஒரு ஆள்தான் இருக்கிறான்" என்று முதலாளி கத்தினார்.

கத்திவிட்டு வாயை மூடிக்கொண்டார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். எனக்கு ரத்தத்தோடு சிரிப்பு வந்தது. அடக்கவே முடியவில்லை.

சார்ஜன்ட் எழுதுவதை நிறுத்தினார். எழுந்து வந்து துணியைச் சுற்றி நடந்தார். ஒரு கான்ஸ்டபிள் எட்டிப் பார்த்து, "சார், இதற்கு முன்னால்தானே என் கல்யாணப் போட்டோ எடுத்தது" என்றான். நான் தரையில் தவழ்ந்து போய்த் துணியின் ஒரு மூலையைப் பிடித்துப் புரட்டிப் போட்டேன். பின்பக்கத்தில் சாயம் இல்லை. பென்சில் கோடுகள் இருந்தன. கட்டம் கட்டமாக, ஒவ்வொன்றிலும் நம்பர். "அந்தக் கடதாசிய எடுத்து இதோட வச்சுப் பாருங்க" என்றேன். சார்ஜன்ட் மேசை லாச்சியைத் திறந்து பாலப் படத்தை எடுத்து வந்தார். வைத்துப் பார்த்தார். நம்பருக்கு நம்பர் சரியாக இருந்தது. ஒரு சின்னப் பிள்ளைகூட இரண்டும் ஒன்று என்று சொல்லிவிடும்.

பொலிஸ் பெரியவர் உள்ளேயிருந்து வந்தார். விஷயத்தைக் கேட்டார். முதலாளியிடம், "கீறச் சொன்னது நீயா?" என்றார். முதலாளி தலையாட்டினார். "காலையிலேயே வந்து சொல்ல என்ன?" என்று கேட்டு ஓங்கி ஒரு அறை விட்டார். அவருடைய படம்தான் அந்த மேசைக் கண்ணாடிக்குக் கீழே இருந்தது. முதலாளியின் கண்ணில் தண்ணீர் வந்தது. எனக்கு அது இனித்தது, பாவம் என்று துளியும் தோன்றவில்லை. கத்தியோடு டவுனுக்கு வந்ததற்காக எனக்கும் ஒரு அறை கிடைத்தது. யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை.

அன்று பின்னேரமே அவரை விட்டார்கள். அவரை வெளியே கொண்டுவந்த அதே நேரத்தில் என்னை உள்ளே கொண்டுபோனார்கள். நடையில் ஒருவரை ஒருவர் கடந்தோம். அவருடைய முகம் அடையாளம் தெரியாமல் வீங்கியிருந்தது. கையைச் சாரக் கிழிசலில் சுற்றி நெஞ்சோடு அணைத்திருந்தார். என்னைப் பார்த்து, "நீ ஏன் புள்ள இங்க?" என்று மட்டும் கேட்டார். பதில் சொல்ல விடவில்லை.

மறுநாள் என்னைக் கோர்ட்டில் நிறுத்தினார்கள். மஜிஸ்ட்ரேட் என் வீங்கிய முகத்தைப் பார்த்தார், முதலாளியின் மணிக்கட்டுக் காயத்தில் சுற்றிய துணியையும் பார்த்தார், எச்சரித்து விட்டார். வெளியே வந்தேன். அவர் கோர்ட் மதிலோரமாக நின்றுகொண்டிருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகாமல் எனக்காக நின்றிருக்கிறார். அதைக் கண்டதும்தான் எனக்கு முதல்முதலாக அழுகை வந்தது. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். துரை, தலைவர், ஸ்டூடியோ, கத்தி, ஒன்று விடாமல் சொன்னேன்.

அவர் கடைசிவரைக்கும் கேட்டார். பிறகு, "எந்தப் பக்கம் கிழிச்ச?" என்றார்.

"எல்லாப் பக்கமுந்தான்."

"தண்ணியையுமா?"

பாலத்துக்குக் கீழே ஓடும் தண்ணீரை அவர் எத்தனை தடவை அழித்து அழித்துக் கீறினார் என்று எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆற்றங்கரையில் போய்க் குந்திக்கொண்டு தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பார். கடைசியில் ஒருநாள் புகைக்கூடத்திலிருந்து ஓடி வந்து, அடுப்பில் இருந்த சோற்றை இறக்கச் சொல்லி, என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினார். அந்தத் துணியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அப்படியொரு தண்ணீரை அவரும் அதற்குப் பிறகு கீறவில்லை.

"தண்ணியையுந்தாங்க" என்றேன்.

அவர் என்னை அறைந்தார். கல்யாணம் கட்டி அத்தனை வருஷத்தில் என்மேல் கை வைக்காத மனிதன், இடது கையால், ஏற்கெனவே பல் போன கன்னத்தில் அறைந்தார். நானும் திருப்பி அறைந்தேன். கோர்ட் வாசலில் நின்ற சனம் வேடிக்கை பார்த்தது. பிறகு இரண்டு பேரும் மதிலில் சாய்ந்து நின்றோம். அவர் அழுதார். விரலுக்காக அழவில்லை. கதவிடுக்கில் வைத்தபோது அலறினார், அழவில்லை. இப்போது விம்மி விம்மி அழுதார்.

எலும்பு பொருந்தியது, ஆனால் விரல்கள் மடங்கவில்லை. தூரிகையைப் பிடிக்க முடியவில்லை. இடது கையால் கொஞ்ச நாள் பார்த்தார், விட்டுவிட்டார். புகைக்கூடத்தில் மிஞ்சியிருந்ததைச் சுத்தம் செய்ய நான்தான் போனேன். அவர் வரவில்லை. பிறகு தோட்டத்து ஸ்டோருக்கு வாச்சர் வேலை கிடைத்தது. ரெண்டாயிரத்து ஒன்பதில் சண்டை முடிந்தது என்று டவுனில் வெடி கொளுத்தி, சந்தியில் பாற்சோறு கொடுத்தார்கள். கூட வேலை செய்த சிங்களவர் ஒருவர் இவருக்கும் ஒரு துண்டு கொண்டுவந்து கொடுத்தார். கோணல் விரல்களால் அதைப் பிட்டுப் பிட்டுத் தின்றார்.

இன்றைக்கும் சோற்றில் உப்புக் கூடினாலும், சாரம் காணாமல் போனாலும், "தண்ணியையே வெட்டுனவதான நீ" என்று ஆரம்பிப்பார். நானும் சும்மா இருக்கமாட்டேன், பதிலுக்கு நாலு வார்த்தை சொல்வேன். அவர் என்னை மன்னிக்கவில்லை, மன்னிக்கவும்மாட்டார். மேல் டிவிஷன்காரிக்கு இப்படிச் சண்டை பிடிக்க இன்றுவரைக்கும் ஆள் திரும்பி வரவில்லை. எனக்கு ஒருத்தர் இருக்கிறார், திண்ணென்று, எதிரே உட்கார்ந்து ஏசுகிறார். ஏசட்டும்.